மோதல் வேண்டாம் என்று கதை கேட்கும் நண்பர்களுக்கு

கொடைக்கானலில் பசுமை எதிர்காலச் சிறுகதைப் போட்டி நடத்தும் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் அறிவிப்பில் இருக்கும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். கதை நம்பிக்கை தர வேண்டும், வன்முறையும் மோதலும் கூடாது என்று போட்டிருக்கிறீர்கள். வன்முறை வேண்டாம், சரி. மோதலையும் சேர்த்து ஏன் தூக்கினீர்கள்? போன முறை பரிசு வாங்கிய கதைகளைப் படித்தேன். எல்லாக் கூரையிலும் சோலார், எல்லா ஓடையிலும் தண்ணீர், எல்லார் முகத்திலும் சிரிப்பு. எங்கேயாவது லேசாகச் சிக்கல் எட்டிப் பார்த்தால் உடனே இந்த மலைப் பழங்குடியான பளியர் பாட்டி ஒருவர் வந்து பழங்கதை சொல்கிறார், வனதேவதை இறங்குகிறது, மழை பெய்கிறது, கதை முடிந்தது. (ஒரு கதையில் தோடர்களின் எருமை பழனி மலையில் மேய்ந்துகொண்டிருந்தது. தோடர்கள் நீலகிரிக்காரர்கள் ஐயா.)

சிக்கலை முடித்துவைக்க நாட்டார் கதையைக் கூப்பிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. சிக்கலைக் கிளப்பத்தான் அதைக் கூப்பிட வேண்டும்.

இடும்பனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலையடிவாரத்துக் கதை, தலபுராணத்திலும் உண்டு, காவடி எடுக்கிறவர்கள் வாயிலும் உண்டு. அகத்தியர் சொன்னார் என்று சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடியாகக் கட்டித் தெற்கே தூக்கி வருகிறான், பழனியில் களைப்பாற இறக்கி வைக்கிறான், திரும்பத் தூக்கினால் மலை அசையவில்லை. மேலே ஒரு சிறுவன் நின்றுகொண்டு இது என் மலை என்கிறான். இதில் யார் வில்லன்? குருவின் சொல்லைக் காப்பாற்ற இத்தனை தூரம் சுமந்து வந்தவனுக்கும் நியாயம் இருக்கிறது, மலையிலேயே இருப்பவனுக்கும் நியாயம் இருக்கிறது. சண்டையில் இடும்பன் சாகிறான், பிறகு உயிர் பெற்று முருகனுக்கே காவலாகிறான். இன்றும் படியேறுகிறவர்கள் வழியில் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். தோற்றவனை ஒதுக்காமல் வழியிலேயே உட்காரவைத்த கதை இது. நம்பிக்கைக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதை அப்படியே 2042-க்குக் கொண்டுபோகலாம். 2018-இல் பூத்த குறிஞ்சி பன்னிரண்டு வருடக் கணக்குப்படி 2030-இல் பூக்கும், அடுத்து 2042. அதற்குள் பழைய புல்வெளியை மீட்க வேண்டும் என்று ஒரு பெண் வருகிறாள், அவளுடைய ஆசிரியர் சாகும்போது ஒப்படைத்த வேலை அது. தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளியில் நட்ட வாட்டில் மரங்களை வெட்டினால்தான் குறிஞ்சிக்கு வெயில் கிடைக்கும். ஆனால் அந்த வாட்டில் நிழலில் இப்போது இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரக் கன்றுகள் தானாக முளைத்து நிற்கின்றன (இங்கே நிஜமாகவே நடப்பதுதான், காட்டுக்குள் போய்ப் பாருங்கள்), அவற்றைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்ளும் ஒரு பையன் வெட்ட விடமாட்டேன் என்கிறான். வெட்டினாலும் மண்ணுக்குள் கிடக்கும் வாட்டில் விதை மொத்தமாக முளைத்துக் கிளம்பும், அதனால் அவள் ஜெயித்தாலும் வேலை முடியாது. கம்பெனி முதலாளி இல்லை, ஊழல் அதிகாரி இல்லை, இரண்டு பேருமே மலையை நேசிப்பவர்கள், அதனாலேயே விட்டுக்கொடுக்க முடியாதவர்கள். ஊர்க்கூட்டத்தில் யார் பக்கம் கை தூக்குவது என்று எனக்கே தெரியவில்லை, அதனால்தான் இதை எழுத ஆசைப்படுகிறேன்.

ஒரு கவலையும் உண்டு. மோதலை அனுமதித்ததும் ஆளாளுக்குப் பழங்குடிகளின் சாமியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். பளியர் கதையை எடுக்கிறவர் அதை யாரிடம் கேட்டார், அவர்கள் சம்மதித்தார்களா என்று கதையோடு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்தால் நடுவர் குழுவிலேயே ஒரு பளியரை உட்காரவையுங்கள்.

அறிவிப்பில் 'மோதல்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி வெளியிடுங்கள். கடைசித் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம், எழுதுகிறவர்கள் அதற்குள் எழுதிவிடுவோம்.