அறியாமை அல்ல, கட்டுப்படியாகவில்லை

ஆசிரியருக்கு,

சத்தான உணவை மக்கள் வாங்காததற்கு விழிப்புணர்வுக் குறைவே காரணம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனம் கேட்காமல் எழுதுகிறேன். இருபத்தெட்டு ஆண்டுகள் உணவியல் ஆலோசகராக இருந்தவள் நான். காயும் பழமும் உடம்புக்கு நல்லது என்று தெரியாமல் என் எதிரே வந்து உட்கார்ந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஒரு தாயை மறக்க முடியவில்லை. நான் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "காய் செஞ்சு குடுத்தா பிள்ளை துப்பிடுறான் மேடம். அப்புறம் அவன் பசிக்கு வேற ஏதாவது வாங்கணும். ரெண்டு செலவு எனக்குத் தாங்காது." எனக்குப் பேச்சே எழவில்லை. ஒரு புதுச் சுவை குழந்தைக்குப் பிடிபட எட்டு, பத்து தடவையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். அத்தனை தடவையும் தட்டில் மிஞ்சிப் போவதற்கான காசைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

வயிறு நிறைவதை மட்டும் கணக்குப் பார்த்தால் தானியமும் எண்ணெயும் சர்க்கரையும்தான் மலிவு. கெட்டுப்போகாது, வீட்டில் யாரும் ஒதுக்கவும் மாட்டார்கள். காய் இரண்டு நாளில் வாடிவிடும், கழுவி நறுக்கிச் சமைக்க நேரம் வேண்டும். வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கு அந்த நேரமும் செலவுதான். கையில் கொஞ்சமே இருக்கும்போது வீணாகாது என்று உறுதியாகத் தெரிந்ததைத்தான் யாரும் வாங்குவார்கள். வருமானம் கூடக்கூட உணவில் தானியம், கிழங்கின் பங்கு குறையும் என்று பொருளியலில் பென்னட் விதி என்றே ஒன்று உண்டு. 300 கோடிக்கும் அதிகமானோருக்குச் சத்தான உணவு எட்டாத விலையில் இருக்கிறது என்று ஐ.நா. அமைப்புகளின் 2020 அறிக்கை சொன்னது. இத்தனை பேருக்கும் துண்டறிக்கை கொடுத்து என்ன ஆகப் போகிறது?

விலை மாறினால் வாங்குவதும் மாறும். மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. முதல் ஆண்டிலேயே விற்பனை சுமார் 6 சதவீதம் குறைந்தது, ஏழைக் குடும்பங்களில் அதைவிடக் கூடுதலாக. ஆனால் வரியோடு நிறுத்திக்கொண்டால் அந்தச் சுமையும் ஏழை தலையில்தான் விழும். வரிப் பணத்தைப் பள்ளி உணவில் காய்க்கும் பழத்துக்கும் செலவிட வேண்டும். குழந்தை துப்பிப் பழகும் அந்த எட்டு, பத்து தடவைச் செலவை அரசு ஏற்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உணவியல் ஆலோசகர் ஒருவர்