குட்டி என்று நாங்கள் கூப்பிட்ட பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜானகி விஸ்வநாதன் இயக்கிய 'குட்டி' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2001-ல் வந்தது. சிவசங்கரியின் கதை, இளையராஜாவின் இசை. தகப்பனை இழந்து, கிராமத்திலிருந்து சென்னையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்து சேரும் கண்ணம்மா என்ற சிறுமியைப் பற்றிய படம். கண்ணம்மாவாக நடித்த ஸ்வேதாவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது.

முதல் தடவை பார்த்தபோது எல்லோரையும் போல நானும் அழுதேன், அந்த வீட்டுப் பாட்டியைத் திட்டித் தீர்த்தேன். இந்தத் தடவை வாய் வரவில்லை. அந்த வீட்டுத் தம்பதி கெட்டவர்கள் இல்லை. படித்தவர்கள், இரக்கம் உள்ளவர்கள். நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தோம்.

1988-ல் எனக்கு மகள் பிறந்தாள். நான் அப்போது பள்ளி ஆசிரியை, ஐந்தாம் வகுப்பு. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தெரிந்தவர் ஒருவர் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து விட்டார். பத்து வயது. மாதம் 75 ரூபாய். அதையும் அவளுடைய அப்பா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து வாங்கிப் போவார். அவளுடைய பெயரும் என் மாமியாரின் பெயரும் ஒன்று. மாமியார் பெயரைச் சொல்லி ஏவ முடியுமா? அதனால் 'குட்டி' என்று கூப்பிட்டோம். மூன்று வருஷம் அவளை யாரும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

காலையில் பள்ளியில் அவள் வயதுப் பிள்ளைகள் நாற்பது பேருக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுப்பேன். அதே நேரம் அவள் என் வீட்டில் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருப்பாள். தொட்டி எட்டாது. மணைப்பலகையைப் போட்டு அதன்மேல் நின்று பாத்திரம் தேய்ப்பாள். அந்தப் பலகையின் நடுவில் அவள் பாதம் வைக்கும் இடம் மட்டும் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. அவள் போன பிறகும் பலகை வெகுநாள் இருந்தது. நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான் வெச்சிருக்கோம்" என்று எல்லோரிடமும் சொல்வேன். என் வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினேன், அவளை அனுப்பவில்லை. ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. கல்யாணம் பேசிவிட்டதாகச் சொன்னார்கள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

அன்றைக்கு இது குற்றம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பட்டாசையும் தீப்பெட்டியையும் பார்த்தது, அடுப்படியைப் பார்க்கவில்லை. 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10-ல்தான் வந்தது. அதாவது 'குட்டி' வெளிவந்து ஐந்து வருஷம் கழித்து. 2016-ல் சட்டத்தைத் திருத்தியபோது வேலைக்கு வைப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று ஆனது. ஆனால் 14 முடிந்துவிட்டால்? பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடுகிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், சென்ற மாதம் தி.நகரில் ஓர் ஓட்டலில் பார்த்த காட்சி. ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இலை போடவில்லை. "என்ன வயசும்மா உனக்கு?" என்று அவளிடம்தான் கேட்டேன். அந்த அம்மா முந்திக்கொண்டு, "பதினஞ்சு முடிஞ்சிடுச்சு, தூரத்துச் சொந்தம்" என்றார். அந்தப் பெண் குழந்தையின் முதுகைத் தட்டுவதை நிறுத்தவே இல்லை. நான் உடனே குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழைத்திருக்க வேண்டும். பதினைந்து என்கிறார்களே, என்ன சொல்லிப் புகார் செய்வது என்று தயங்கி நின்றுவிட்டேன். அந்தத் தயக்கம் இன்றைக்கும் உறுத்துகிறது. வயதைச் சரிபார்ப்பது அந்த உதவி எண்ணில் இருப்பவர்கள் வேலை. சொல்ல வேண்டியது மட்டும்தான் என் வேலை.

பட்டறையில் சோதனை போடலாம், ஓட்டலில் போடலாம். பூட்டிய ஃபிளாட்டுக்குள் எந்த ஆய்வாளர் நுழைவார்? அந்தக் கதவுக்கு வெளியே இருக்கும் நம்மால் முடிந்தது உண்டு. இன்று எங்கள் குடியிருப்பு உட்பட அடுக்குமாடிகள் பலவற்றில் வேலைக்கு வருபவர்களின் ஆதார் நகலை வாங்கி வைக்கிறார்கள். திருட்டு பயத்தில் வாங்குவது. அதே தாளில் பிறந்த தேதியும் இருக்கிறது. அதையும் பார்த்து, பதினெட்டு நிரம்பாதவர் என்றால் சங்கம் அனுமதி மறுக்கலாம்.

இன்னொன்று உங்களிடமே கேட்கிறேன். வரி விளம்பரப் பகுதியில் 'வீட்டோடு தங்கி வேலை செய்ய, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண் தேவை' என்ற விளம்பரங்களைப் பார்க்கிறேன். அவற்றில் '18 வயது நிரம்பியவர்' என்ற வரி இல்லாமல் பிரசுரிப்பதில்லை என்று உங்கள் பத்திரிகை ஒரு விதி வைக்கலாகாதா? எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. ஆதார் விஷயத்தை அங்கே நான் எழுப்பப் போகிறேன். உங்கள் விளம்பரப் பிரிவில் நீங்கள் பேசிவிட்டு, முடிவை இந்தப் பகுதியிலேயே தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை - 33