வான்வழிக் கிலோமீட்டரும் வாசல் முதல் வாசல் வரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போர்க் காலத்து செட்டிநாடு விமான ஓடுதளத்தில் மீண்டும் விமானம் இறங்குமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் பகுதியில் ஆவல் பொங்குகிறது. எனக்கும்தான். ஆனால் கூடவே பரவும் பயண நேரக் கணக்குகள் மக்களைத் தவறாக எண்ண வைக்கின்றன.

செட்டிநாட்டிலிருந்து சேலம் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கி.மீ. பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் இதை வகுத்து, 15 நிமிடம் என்று சொல்லிவிடுகிறார்கள். சிறிய ஊர்களுக்குப் பெரும்பாலும் வருவது ஏடிஆர் போன்ற, இறக்கையில் சுழல்விசிறி கொண்ட டர்போபிராப் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். புறப்பட்டதிலிருந்து தரை தொடும்வரை முழுவதும் அது அந்த வேகத்தில் பறப்பதுமில்லை. மேலே ஏற வேண்டும், ஓடுதளத்துக்கு நேராக வளைந்து வர வேண்டும், இறங்கியபின் ஊர்ந்து நிற்க வேண்டும். எனவே 40 நிமிடமாவது ஆகும். சரி, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்க் காத்திருப்பது? இறங்கியபின் ஊருக்குள் போவது? இவ்வளவு குறுகிய தூரத்துக்குக் காரே போதும் என்றுதான் பலர் சொல்வார்கள்.

சென்னை வேறு கதை. நேர்கோட்டில் சுமார் 350 கி.மீ.; ரயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சிகிச்சைக்கு முதியவர்களை அழைத்துப் போகும் குடும்பங்களுக்கு இந்த வழித்தடம்தான் உண்மையில் உதவும். அதற்காகவே நாம் குரல் கொடுக்க வேண்டும்.

புதிய விமானச் சேவை பற்றி எழுதும்போது வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும்வரையான நேரத்தையும் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகர், கானாடுகாத்தான்