பாப்பாவுக்கு, பன்னிரண்டாம் வாரத்தில்

பாப்பா,

மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை நீ. வேலை இருக்கும், சரி. எலுமிச்சை ஊறுகாய் கூரியரில் போட்டிருக்கிறேன், உப்பு குறைவாக. உப்பைக் குறைத்தால், கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வருகிற ப்ரீஎக்ளாம்ப்சியாவைத் தடுக்க முடியாது என்று மதினி மகள் சொல்கிறாள், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஆபீஸில் 20 பேர் உன் பேச்சைக் கேட்கிறார்கள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ என் பேச்சை ஒரு தடவை கேளேன்.

பிரஷர் பார்த்தார்களா என்று கேட்டதற்குத்தானே “பயமுறுத்தாதீங்கம்மா” என்று வைத்துவிட்டாய். குழந்தைக்குக் குரோமோசோம் குறை இருக்குமா என்று பார்க்கிற டபுள் மார்க்கருக்கு எப்படியும் ரத்தம் எடுப்பார்கள், கூடவே பி.எல்.ஜி.எஃப். பார்க்க முடியுமா என்று கேள். அது நஞ்சுக்கொடியிலிருந்து வருகிற புரதம். நஞ்சுக்கொடி சரியாக வேர்பிடிக்காவிட்டால், பிரஷர் ஏறுவதற்குப் பல வாரம் முன்பே அது குறைவாகக் காட்டுமாம். டபுள் மார்க்கரில் பார்க்கிற பாப்-ஏ என்கிற இன்னொரு நஞ்சுக்கொடிப் புரதமும் குறையலாம். ரத்தம் மட்டும் போதாது, இரண்டு கையிலும் பிரஷர், ஸ்கேனில் கர்ப்பப்பைக்குப் போகிற ரத்த ஓட்டம், எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஆபத்து அதிகம் என்று வந்தால் தினம் ராத்திரி ஆஸ்பிரின் 150 மில்லிகிராம், 36 வாரம் வரை. 2017இல் வந்த பெரிய ஆய்வில், 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கிற வகை ப்ரீஎக்ளாம்ப்சியா இதனால் பாதிக்கும் மேல் குறைந்ததாம். நீயாக வாங்கிப் போடாதே, டாக்டர் சொன்னால்தான். ஆனால் ஆரம்பிப்பதற்கு 16 வாரத்தைத் தாண்டவிடாதே.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டிருப்பார், நீ இல்லை என்றிருப்பாய். அது நான் சொல்லிக்கொடுத்த பொய். நான் சொல்லி வந்த மாதிரி நீ அவசரப்பட்டுப் பிறக்கவில்லை பாப்பா. வளைகாப்புக்கு முந்தின நாளே முகம் வீங்கி, மண்டை பிளக்கிற தலைவலி, கண் முன்னால் பூச்சி பறந்தது. ஆச்சி நாள் குறித்து சொந்தமெல்லாம் வந்து இறங்கியிருந்தது, சொன்னால் நின்றுபோகுமே என்று வாயைத் திறக்கவில்லை. வளையல் போட்ட கையோடு மறுநாள் வலிப்பு வந்தது. உன்னை ஒன்றரைக் கிலோவில் எடுத்தார்கள், 22 நாள் கண்ணாடிப் பெட்டியில். ஆல்பத்தில் உன் முதல் மாதப் படம் ஏன் இல்லை என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். அடுக்களையில் வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விடுவேன்.

அம்மாவுக்கு வலிப்பு வந்தது என்று அந்த வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல். 16 வாரம் தாண்டவிடாதே. என்னோடு பேச வேண்டாம், பிரஷர் எவ்வளவு என்று மட்டும் ஒரு மெசேஜ் போடு.

அம்மா