நிறத்தைப் பார்த்து மதிப்பெண் போடாதே

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. நீ ஒயின் போட்டிக்கு நடுவராக உட்காரப் போகிறாய் என்று சொன்ன நாளிலிருந்து, தபால்காரர் வரை எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டார். எனக்கும் பெருமைதான். ஆனால் குளிர்ப் பிரதேசச் சிவப்பு ஒயின் மேசையில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்றதும் கவலை வந்துவிட்டது. லண்டனில் உன் ஹோட்டலுக்கு நீ வாங்குவதில் முக்கால்வாசி வெயில் நாட்டுச் சரக்கு. போன தடவை நியூயார்க் மாநிலத்துக்கு வந்தபோது, நம் செனிகா ஏரிக்கரையில் விளைந்த கேபர்னே ஃபிராங்க் என்ற சிவப்புத் திராட்சை ஒயினை ஊற்றிவிட்டு, "என்னம்மா, கிளாஸுக்கு அந்தப் பக்கம் விரல் தெரியுது" என்று சிரித்தாய். ஃபோனில் இதற்குப் பதில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்கிறேன். நீ இங்கே வளர்ந்தவன்தான், ஆனாலும் பள்ளிக்கு லீவு விடுவார்களா என்று பார்த்த பனிதானே உனக்குத் தெரியும். ஜனவரியில் நாங்கள் தோட்டத்திலிருந்து குச்சிகளை வெட்டி வந்து, மொட்டு மொட்டாக பிளேடால் குறுக்கே சீவிப் பார்ப்போம். ஒரு மொட்டுக்குள்ளேயே மூன்று இருக்கும். நடுவில் இருக்கும் பெரியதுதான் நல்ல காய்ப்புத் தரும். அது பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் போய்விட்டது. மைனஸ் 20 டிகிரியைத் தாண்டினாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மெர்லோ என்ற சிவப்புத் திராட்சை முதலில் சாகும், கேபர்னே ஃபிராங்க் கொஞ்சம் தாங்கும். எத்தனை செத்திருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் அந்த வருஷம் கவாத்தில் எத்தனை மொட்டு விடுவது என்று முடிவு செய்வோம். இலையுதிர் காலத்தில் ஒட்டுப்போட்ட இடத்தை மூடி மண் அணைப்பதும், ஒரு கொடிக்கு ஒரே தண்டை நம்பாமல் இரண்டு விடுவதும் இதே பயத்தால்தான். 2014 ஜனவரியில் வந்த குளிர் இந்த ஏரிப் பகுதி முழுவதையும் பதம் பார்த்தது. குளிர்காலம் தப்பினாலும் வசந்தம் விடாது. 2023 மே 18 அன்று துளிர்விட்ட கொடிகளை ஒரே இரவில் உறைபனி கருக்கியது.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய திராட்சை இங்கே பிழைக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1951-ல் அமெரிக்கா வந்த உக்ரைன்காரர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க் இதைவிடக் கடுமையான குளிரில் கொடி வளர்த்தவர். சரியான வேர்த்தண்டில் ஒட்டினால் பிழைக்கும் என்று அவர் சொன்னதை, அப்போது இங்கே ஒரு பெரிய ஒயினகத்தை நடத்திய ஷார்ல் ஃபூர்னியே நம்பினார். 1962-ல் பக்கத்துக் கியூக்கா ஏரிக்கரையில் ஃபிராங்க் சொந்த ஒயினகம் தொடங்கினார். அவர் பேர் வாங்கியது ரீஸ்லிங்கில், அதாவது வெள்ளை ஒயினில். இங்கே சிவப்புக்கு மதிப்பு வந்தது அதற்கு ரொம்பப் பின்னால்தான்.

எங்களைக் காப்பாற்றுவது ஏரி. செனிகா ஏறக்குறைய 188 மீட்டர் ஆழம். அது உறைவது அபூர்வம். கோடையில் வாங்கிய சூட்டைக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதன் தென்கிழக்குக் கரையை இங்கே 'பனானா பெல்ட்' என்பார்கள். வாழை வைத்தால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது, பேர் மட்டும் அப்படி!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேபர்னே ஃபிராங்க்தான் கேபர்னே சாவிஞ்ஞோனைப் பெற்ற கொடிகளில் ஒன்று. 1997-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் மரபணுவை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பெயரும் பணமும் பிள்ளைக்குப் போய்விட்டது, பெற்றது இங்கே பனியில் நிற்கிறது. நான் ஒன்றும் ஜாடை பேசவில்லை.

இந்தத் திராட்சையில் ஒரு குடமிளகாய் வாசனை உண்டு. பைரசின் என்ற பொருளால் வருவது. சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்குப் பத்து, பதினைந்து நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழம் முற்ற முற்ற இது குறையும். காய் பிடித்த கொஞ்ச நாளிலேயே குலையைச் சுற்றி இருக்கும் இலைகளைக் கிள்ளி வெயில் பட விட்டால் இன்னும் குறையும். செப்டம்பரில் போய்க் கிள்ளினால் பெரிய பலன் இல்லை. அதனால் குடமிளகாய் தூக்கலாக அடிக்கும் ஒயினைக் குடித்தால், ஜூன், ஜூலையில் தோட்டத்தில் யார் என்ன செய்தார்கள் என்று நீ கேட்கலாம். லேசாக, பழ வாசனைக்குப் பின்னால் ஒரு பச்சைக் கீரை மணம்போல வந்தால் அதற்காக மதிப்பெண் குறைக்காதே. அது அந்தத் திராட்சையின் சுபாவம். பிரான்சில் லுவார் பள்ளத்தாக்கின் சினோன் ஊர்க்காரர்கள் அதற்காகத்தான் அதைக் கொண்டாடுகிறார்கள். பழமே இல்லாமல் பச்சை மட்டும் இருந்தால் அப்புறம் தயவு காட்ட வேண்டாம்.

அக்டோபரில் பழத்தின் சர்க்கரை அளவான பிரிக்ஸ் 21, 22 என்று நிற்கும்போதுதான் தூக்கம் போகும். மழை வரும் என்று வானிலை சொல்லும், பழம் இன்னும் ஒரு வாரம் கேட்கும். நான் மீட்டரை மட்டும் நம்புகிறவள் இல்லை. பழத்தைத் தோலோடு மென்று, விதையைத் துப்பிக் கையில் வைத்துப் பார்ப்பேன். பச்சையாக இருந்தால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் துவர்ப்பு. பழுப்பாகி, கடித்தால் மொறுக்கென்று உடைந்தால் பறிக்கலாம். சர்க்கரை குறைந்தால் தொட்டியில் சேர்த்துக்கொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் போட்டால் ஒரு சதவீதம் ஆல்கஹால் கூடும். ஆனால் விதை முற்றவில்லை என்றால் எந்தக் கடையிலும் அதற்கு மருந்து கிடைக்காது.

இங்கேதான் நிறைய பேர் கெடுக்கிறார்கள். பழம் மெலிசாக இருக்கிறது, நிறம் வரவில்லை என்று பயந்து, நொதிக்கும் தொட்டியில் மேலே மிதக்கும் தோலை நாள் முழுக்க அமுக்கி அமுக்கி இறக்குவார்கள். டிகாஷன் இறங்கிய பிறகும் ஃபில்டரைப் போட்டு அழுத்தினால் என்ன வரும்? கசப்புதான். ஆல்கஹால் ஏற ஏற விதையிலிருந்து துவர்ப்பு இறங்கும், ஆனால் நிறம் முதல் சில நாளிலேயே வந்து முடிந்திருக்கும். நாங்கள் ஆரம்பத்தில் நன்றாகக் கிளறுவோம். பின்பாதியில் தோல் காயாமல் இருக்கத்தான் தொடுவோம். அதன் பிறகு பாக்டீரியாவுக்கு விட்டுவிடுவோம். அது பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைத் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றும். இங்கத்துப் பழத்தில் மாலிக் அதிகம் என்பதால், இது நடக்காத சிவப்பு ஒயின் பல்லைக் கூச வைக்கும். பீப்பாய் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இவ்வளவு மெல்லிய ஒயினைப் புது ஓக் மரப் பீப்பாயில் போட்டால் மரம்தான் பேசும். பழைய பீப்பாய் போதும்.

இனி உன் மேசைக்கு வருகிறேன். நிறத்தைப் பார்த்து மனசுக்குள் மதிப்பெண் போட்டுவிடாதே. பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் மணங்களையே அவர்கள் எழுதினார்கள். 2001-ல் வெளிவந்த ஆய்வு இது. படித்தவர்களுக்கே இந்த கதி என்றால், நாற்பது கிளாஸ் பார்த்துக் களைத்த நடுவர் என்ன ஆவார்? கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் இன்னொன்று செய்தார். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றியதை அதே வரிசையில் மூன்று தடவை நடுவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் ஓரளவு ஒரே மாதிரி மதிப்பெண் போட்டார். இதைப் படித்து நீ மனம் தளர வேண்டாம். உன் நாக்கின் மேல் உனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தால் போதும்.

கிளாஸ் ரொம்பச் சில்லென்று வந்தால் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் விடு. குளிர்ச்சியில் துவர்ப்பு கூடுதலாகத் தெரியும், மணம் எழாது. 15 டிகிரி பக்கம் இருந்தால் சரி. கனமான ஒயினுக்கு அடுத்து மெல்லியது வந்தால் தண்ணீர்போலத்தான் இருக்கும், அதனால் வரிசை முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு தடவை திரும்பக் குடித்துப் பார். புளிப்பு இருக்கிறதா என்று கேட்காதே, கட்டாயம் இருக்கும். அதோடு சேர்ந்து போகப் பழம் இருக்கிறதா, துப்பிய பிறகு வாயில் எது தங்குகிறது என்று பார். பழம் தங்கினால் நல்ல ஒயின், புளிப்பு மட்டும் தங்கினால் சுமார், மரம் மட்டும் தங்கினால் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கீழே இறக்கு. வினிகர் நெடி, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, குதிரை லாயம் இதெல்லாம் எந்த ஊர் ஒயினிலும் குறைதான், அதில் சலுகை வேண்டாம்.

ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் தெரியுமா? இங்கே ஒரு போட்டியில் கறுப்பாக, ஓக் தூக்கலாக இருந்த ஒன்றுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அடுத்த அறுவடைக்குள் அக்கம்பக்கத்தில் புது பீப்பாய் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒயின் செய்கிறவன் கடன்காரனப்பா. பதக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் அவனும் போவான். வெயில் அடிக்கும் கலிஃபோர்னியாவின் நாப்பாவைப் போலச் செய்து காட்டுகிறவனுக்கு நீ பதக்கம் கொடுத்தால், செனிகாவைச் செனிகாவாகச் செய்கிறவன் யாரிடம் விற்பான்?

அத்தை அடுத்த மாதம் லண்டன் வருகிறாள். அவளிடம் இரண்டு பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன். ஒரே தோட்டம், ஒரே திராட்சை. ஒன்று வெயில் நன்றாக அடித்த 2020, இன்னொன்று மழையில் நனைந்த 2021. காகிதம் சுற்றி ஒட்டியிருப்பேன், பிரித்துப் பார்க்காதே. இரண்டு நாள் இடைவெளி விட்டு, இரண்டு தடவை குடித்து, இரண்டு தடவையும் மதிப்பெண் போட்டு எனக்கு எழுதி அனுப்பு. ஃபோனில் சொல்லாதே, உடனே என் குரலை வைத்து எது எதுவென்று கண்டுபிடித்துவிடுவாய்.

அன்புடன்,
அம்மா