அந்த ஒரு பீட்டைப் பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கும், டிஜே தம்பிகளுக்கும், சவுண்டு சர்வீஸ் அண்ணன்களுக்கும் வணக்கம்.

மூன்று வாரமாக உங்கள் வாட்ஸாப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் என் மைத்துனர். எங்கள் கடையில் ஒட்டிக் கொடுத்த அவருடைய ரிசப்ஷன் மிக்ஸில் ஒரு பீட், அதாவது தாளத்தில் ஒரு தட்டு, காணோம் என்பது புகார். "காசையும் வாங்கிக்கிட்டு பீட்டையும் தின்னுட்டாங்க" என்கிறார் அதில் பேசுகிறவர். தாமதம் என்று சொல்லியிருக்கலாம், கவனக்குறைவு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அந்தத் 'தின்னுட்டாங்க' மட்டும் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் அப்பா கேசட்டில் பாட்டு பதிந்து கொடுத்த காலத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும். சி-60 என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பாட்டு முழுதாக அடங்காது என்று தெரிந்தால் அதைப் பதியவே மாட்டார். மிச்ச நாடா சும்மா ஓடட்டும், பாட்டை நடுவில் அறுக்கக் கூடாது என்பார். அந்தக் கடையைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ரிசப்ஷன். டிஜே பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஓட்டிய நான்கரை மணி நேர மிக்ஸ், மிக்ஸரிலிருந்து நேராக ரெக்கார்டருக்குப் போயிருக்கிறது. பதிவின் தரம் ஸ்டீரியோ, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். கார்டில் விழுந்தது மூன்று துண்டு. வெட்டியது நாங்களும் இல்லை, குரல் பதிவில் பேசிய அந்த அண்ணனும் இல்லை, ரெக்கார்டர்தான். ரெக்கார்டர் ஒலியைச் சுருக்காமல் எழுதி வைப்பது வேவ் ஃபைலில். அதன் தலைப்பில் ஃபைலின் அளவை எழுத ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் 4 ஜிபிக்கு மேல் எழுத முடியாது. 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் அந்த வடிவத்தைக் கொண்டுவந்தபோது நம்ம ஊர் ரிசப்ஷனை யார் நினைத்தார்கள்? பல ரெக்கார்டர்கள் இன்னும் முன்ஜாக்கிரதையாக 2 ஜிபியிலேயே ஃபைலை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும். இந்தத் தரத்தில் 2 ஜிபி என்பது 2 மணி 4 நிமிடம். அப்படிப்பட்ட ரெக்கார்டரில் இதே தரத்தில் நீங்கள் எந்தக் கல்யாணத்தில் பதிந்தாலும் முதல் வெட்டு அங்கேதான் விழும். கடையில் ஓட்டிப் பார்க்கும்போது அந்த நிமிடம் நெருங்கினாலே பேச்சை நிறுத்திவிடுவோம்.

துண்டுகள் அப்படியே வந்தால் ஒட்டுவது பெரிய வித்தையில்லை. ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் இரண்டையும் வரிசையாக வைத்து, ஒட்டு விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அலை தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு வினாடிக்கு 48,000 புள்ளி. முதல் துண்டின் கடைசிப் புள்ளி பாதி மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றிருக்கும். இரண்டாவது துண்டின் முதல் புள்ளி அதற்குச் சற்று மேலே, அதே ஏற்றத்தில் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டால் ஒன்றும் போகவில்லை என்று நிம்மதி. பக்கத்தில் பக்கம் வைத்தால் போதும், பூசி மெழுக வேண்டியதில்லை.

இவர் கொண்டுவந்தது அந்தத் துண்டுகளை இல்லை. அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று ஃபோனிலேயே மூன்றையும் எம்பி3 ஆகச் சுருக்கி அனுப்பினார். ரெக்கார்டரின் மெமரி கார்டை அடுத்த நிகழ்ச்சிக்காக அழித்துவிட்டார். எம்பி3 ஒலியை 1,152 புள்ளி கொண்ட கட்டுகளாகக் கட்டும். தலையில் கொஞ்சம் வெற்றிடம் சேரும். கடைசிக் கட்டு நிறையாவிட்டால் வாலிலும் வெற்றிடத்தை வைத்து நிரப்பும். தனிப் பாட்டுக்கு இது யார் காதிலும் படாது. ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸின் நடுவே 40, 50 மில்லிவினாடி அமைதி விழுந்தால் விக்கல் மாதிரிக் கேட்கும். முதல் ஒட்டில் கேட்கிற விக்கல் அதுதான். அதை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது ஒட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த விக்கலை மறைக்கலாம் என்று கடைக்குப் புதிதாக வந்த பையன் அரை வினாடி கிராஸ்ஃபேட் போட்டுவிட்டான், அதாவது முதல் துண்டின் வால் அடங்க அடங்க அதன்மேலேயே அடுத்த துண்டின் தலையை ஏற்றிவிட்டான். இரண்டு பாட்டுக்கு நடுவே என்றால் அழகாக இருந்திருக்கும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. அரை வினாடி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மொத்த நீளத்தில் அரை வினாடி குறையும். மிக்ஸ் அந்த இடத்தில் நிமிடத்துக்கு 128 பீட். ஒரு பீட்டுக்கு 0.47 வினாடி. ராத்திரி பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு பீட் போயிருக்கிறது. அந்த அண்ணன் சொன்ன சொல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் கணக்கு அவர் பக்கம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் இருந்த வெற்றிடத்தைக் கையால் நறுக்கி, கிராஸ்ஃபேடை எடுத்துவிட்டு, காசில்லாமல் மறுபடி ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரிஜினல் கார்டு இருந்திருந்தால் புள்ளி பிசகாமல் வந்திருக்கும். இதில் முடிந்தவரை வந்திருக்கிறது.

கடையில் ஒட்டு வேலை பார்த்த, நீங்கள் எல்லோரும் அறிந்த நம்ம ஹெட்ஃபோன் தம்பி சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். ஒன்பது வருடம் இருந்தார். நல்ல சம்பளம், போகாதே என்று எந்த வாயால் சொல்வது? இனி ஒட்டு வேலை எதுவும் நான் கேட்காமல் வெளியே போகாது. அதனால் அன்றே கையில் கொடுத்துவந்த வேலைக்கு இனி நான்கு நாள் ஆகும், கட்டணமும் இந்த மாதத்திலிருந்து 250-க்குப் பதில் 400 ரூபாய்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ரெக்கார்டரில் இருக்கிற கார்டை அப்படியே கொண்டுவாருங்கள். பெயரை மாற்ற வேண்டாம். போன மாதம் ஒருவர் அழகாக 1, 2, 3 என்று 11 வரை பெயர் வைத்துக் கொண்டுவந்தார். மெஷின் 1-க்கு அப்புறம் 10, 11 என்று அடுக்கிவிட்டது. ஊர்வலம் முடிந்த பிறகு மாப்பிள்ளை அழைப்பு வந்தது. துண்டுக்குத் துண்டு சத்தத்தைத் தூக்கிச் சரிசெய்யும் நார்மலைஸும் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தத்தில் நின்றால் ஒட்டு விழுந்த இடம் படிக்கட்டு ஏறுவது போலக் கேட்கும்.

2020-இல் கல்யாணமே இல்லாத மாதங்களில் பரணில் கிடந்த பழைய கேசட்டையெல்லாம் தேடி எடுத்து, "அவசரமில்லண்ணே, மெதுவா மாத்திக் குடுங்க" என்று முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். அந்த ஆறு மாத வாடகை உங்கள் கேசட்டில்தான் போனது. அதை நானும் மறக்கவில்லை, வீட்டில் இருப்பவர்களும் மறக்கவில்லை. அந்தக் குரல் பதிவை எனக்கு அனுப்பிய நான்கு பேருக்கும் நன்றி, மைத்துனரையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்

பின்குறிப்பு: அந்த அண்ணனுக்கு மட்டும். உங்கள் பென் டிரைவ் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. ஒட்டு விழுந்த 2 மணி 4 நிமிடத்தையும் 4 மணி 8 நிமிடத்தையும் கடையிலேயே கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். டீ சொல்கிறேன்.