சாய்த்தபோது தெரிந்த இரட்டைக் கோடு

மலர்,

நான் போட்ட மோதிரத்தின் கல்லை மாற்ற வேண்டாம் என்று நேற்று சொல்லிவிட்டாய். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் வீட்டாரும் படிப்பார்கள். அன்று பேசியதில் பாதியை இங்கே தொடப்போவதில்லை.

ஜன்னலோரம் போய், லென்ஸை வைத்துக்கொண்டு மோதிரத்தைச் சாய்த்தாயே, அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. அதில் இருப்பது மோய்சனைட், வைரம் மாதிரியே தெரியும் வேறு கல். அதை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சற்றே சாய்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். ஒளிக்கதிரை அது இரண்டாகப் பிரிக்கிறது, வைரம் பிரிக்காது. "இது வைரமில்லையே" என்றாய். நானே முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விரலில் போட்டது என் தப்பு, மன்னித்துவிடு.

ஆனால் கல்லைக் குறை சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்மைச் சுற்றியுள்ள தூசியில் குவார்ட்ஸ் என்ற மணல் கனிமம் இருக்கிறது, கீறலைத் தாங்கும் கடினத்தை 10 வரை அளந்தால் அதற்கு 7. வைரத்துக்குப் பதிலாக வைக்கும் ஜிர்கோனியா 8 முதல் 8.5 வரைதான், தூசியைவிடக் கொஞ்சம்தான் அதிகம், தினமும் போட்டால் பட்டை முனைகள் மழுங்கிக் கல் மங்கிவிடும். வெள்ளை நீலக்கல், அதாவது நிறமில்லாத நீலக்கல், 9, கீறல் விழாது. ஆனால் ஒளியை வளைக்கும் திறன், அதாவது ஒளிவிலகல், 1.77தான், கொஞ்சம் அழுக்குப் பட்டாலே கண்ணாடித்துண்டு மாதிரி ஆகிவிடும். மோய்சனைட்டுக்குக் கடினம் 9.25, ஒளிவிலகல் 2.65. வைரத்துக்கே 2.42தான்.

விளக்கடியில் வானவில்லாகச் சிதறுகிறது என்றாயே, அது நியாயமான குறை. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் அளவு, அதாவது நிறப்பிரிகை, வைரத்துக்கு 0.044, இதற்கு 0.104. கல் பெரிதானால் இன்னும் கண்ணை உறுத்தும். 6.5 மில்லிமீட்டர் அகலத்தோடு நான் நிறுத்தியது அதற்காகத்தான், கஞ்சத்தனத்தால் அல்ல. அந்த அளவில் வைரம் எடையில் 1 காரட் இருக்கும். மோய்சனைட் எடை குறைந்தது, சுமார் 0.9தான் வரும். அகலத்தைப் பார்க்காமல் காரட்டை மட்டும் கேட்டு வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமாவது வாங்கியிருக்கலாமே என்று எல்லோர் முன்னாலும் கேட்டாய். வாங்கியிருக்கலாம்தான். அதே கார்பன், அதே கடினம் 10, இரட்டைக் கோடும் கிடையாது. சுரங்க வைரத்தைவிட மலிவும்கூட. ஆனாலும் மோய்சனைட்டைவிட விலை அதிகம், திருப்பி விற்கப்போனால் போட்ட பணத்தில் பெரும்பகுதி வராது. கேட்டதில் தப்பில்லை, அத்தனை பேர் முன்னால் கேட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

போகட்டும். உன் கை வேலை செய்கிற கை, கல்லை நாலு கம்பியால் பிடித்திருக்கும் இந்தப் பிடி அதற்குப் போதாது. துணியில் கம்பி மாட்டினாலோ, காதருகே தட்டும்போது கல் ஆடும் சத்தம் கேட்டாலோ உடனே கழற்றிவிடு. கல்லைச் சுற்றித் தகடு வைத்துப் பதிக்கச் சொல்லிவிடலாம். மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி கறை படிந்தால் பயப்படாதே, கல் கெட்டுப்போகவில்லை. நகை துடைக்கும் துணியால் தேய்த்தால் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, இருபது நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷால் அடிப்பக்கத்தைத் தேய். பிசுக்கு சேர்வது அங்கேதான். கிண்ணத்தில் வைத்தே கழுவு, குழாயடியில் வேண்டாம்.